ஹரிக்கேன் போர்விமானத்தின் பணிவரலாறு: 1942 ஏப்ரல் இழப்புகளுக்கு விமானம்தான் காரணமா?

வானோடி:

இலங்கையின் மீது 1942 ஏப்ரலில் நடந்த வான்போர்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ஒரே தீர்ப்பில் வந்து நிற்கிறார்கள். பிரிட்டனின் ஹரிக்கேன் அப்போதே காலாவதியாகிவிட்ட விமானம், ஜப்பானியரின் ஜீரோ போர்விமானத்துக்கு முன்னால் அதனால் நிற்க முடியவில்லை, ஆகவே அது வீழ்ந்தது என்பது அவர்கள் கணக்கு. இதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. ஒரு விமானத்தை ஒரு காலைப்பொழுதில் நடந்ததை வைத்து மட்டும் எடைபோடாமல், அதன் பணிக்காலம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹாக்கர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி கேம் உருவாக்கிய இவ்விமானத்தின் முதல் மாதிரி, 1935 நவம்பர் 6 அன்று புரூக்லாண்ட்ஸ் திடலிலிருந்து ஜார்ஜ் புல்மன் ஓட்ட, வானேறியது. 1936-இல் 600 விமானங்களுக்கு ஆணை கிடைத்தது. 1937 டிசம்பரில் லண்டனுக்கருகே நார்த்தோல்ட்டிலிருந்த 111-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படையணி) முதல் விமானங்களைப் பெற்றுக்கொண்டது. அதன் தலைவர் ஜான் கில்லன் 1938 பிப்ரவரியில் எடின்பரோவிலிருந்து நார்த்தோல்ட் வரை மணிக்கு ஏறத்தாழ 657 கி.மீ. சராசரி வேகத்தில் பறந்தார் என்று இதழ்கள் கொண்டாடின. பின்னாலிருந்து அடித்த பெருங்காற்றே அதற்குப் பாதிக் காரணம் என்பதை அவருடைய சக விமானிகள் மறக்கவில்லை. ஆயுள் முழுவதும் அவருக்கு அதை வைத்தே பட்டப்பெயர் நிலைத்தது.

1940 ஆகஸ்டில் பிரிட்டன் வான்போர் உச்சத்தை அடைந்தபோது, பிரிட்டனின் மற்றொரு போர்விமானமான ஸ்பிட்ஃபயர் 19 ஸ்குவாட்ரன்களில் இருக்க, ஹரிக்கேன் 32 ஸ்குவாட்ரன்களில் இருந்தது. அப்போரில் பிரிட்டிஷ் போர்விமானங்கள் வீழ்த்திய ஜெர்மானிய விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஹரிக்கேன்களின் கணக்கில்தான் சேர்ந்தன. நார்த்தோல்ட்டில் இருந்த 303-ஆம் போலந்து ஸ்குவாட்ரன் ஹரிக்கேனைக் கொண்டே ஆறே வாரங்களில் 126 வெற்றிகளை உரிமை கோரியது. அந்த எண்ணிக்கையைப் பிற்கால ஆய்வாளர்கள் குறைத்துவிட்டார்கள் என்றாலும், அந்த ஸ்குவாட்ரன் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பதை எவரும் மறுக்கவில்லை. இவ்வளவையும் செய்த விமானம் இருபது மாதங்களுக்குள் எதற்கும் உதவாததாகிவிட்டது என்றால், இடையில் என்ன மாறியது என்று கேட்க வேண்டாமா?

பட்டறைக்காரன்:

விமானத்தின் உடலமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதம் நகராது என்று நினைக்கிறேன். ஸ்பிட்ஃபயரின் உடல் முழுவதும் உலோகத் தகட்டாலானது. சுமையில் ஒரு பங்கை அந்தத் தகடே தாங்கும். ஹரிக்கேன் அப்படியன்று. எஃகுக் குழாய்களும் துராலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகக் குழாய்களும் சேர்ந்த ஒரு சட்டகம். அவற்றின் முனைகள் பற்றவைக்கப்படாமல் தகடுகளாலும் திருகாணிகளாலும் பிணைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் மரத்தாலான வடிவச்சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக்கட்டி வார்னிஷ் பூசிய துணி. தொடக்கத்தில் இறக்கைகளுக்குங்கூடத் துணிதான். 1939 முதல்தான் உலோகத் தகட்டு இறக்கைகள் வரத் தொடங்கின.

இது பழைய இரட்டை இறக்கை விமானங்களின் வழியில் வந்த கட்டுமானம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படைத்தளத்தில் அதற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. துணிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு குண்டு மறுபுறம் வெளியேறிவிட்டால், துணியை ஒட்டி வார்னிஷ் பூசி மறுநாளே பறக்கவிடலாம். குழாய் வளைந்திருந்தால் அந்த ஒரு குழாயை மட்டும் கழற்றி மாற்றலாம். சக்கரங்கள் இரண்டும் அகன்று நிற்பதால் மேடுபள்ளமான திடலிலும் விமானம் கவிழாமல் இறங்கும். தயாரிக்கத் தேவைப்பட்ட உழைப்பு நேரமோ ஸ்பிட்ஃபயருக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விமானியின் அறைக்கு நேர் முன்னால் ஓர் எரிபொருள் தொட்டி இருந்தது. அது துளைபட்டுத் தீப்பற்றினால், சில நொடிகளுக்குள் தீ விமானியின் முகத்திலும் கைகளிலும் பாயும். கிழக்கு கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ சிகிச்சையளித்த தீக்காயமுற்ற விமானிகளில் ஹரிக்கேனில் பறந்தவர்கள் பலர். 1940 ஆகஸ்ட் 16 அன்று 249-ஆம் ஸ்குவாட்ரனின் ஜேம்ஸ் நிக்கல்சன், எரிந்துகொண்டிருந்த தம் ஹரிக்கேனிலிருந்து குதிக்காமல், முன்னால் வந்த எதிரி விமானத்தைச் சுட்டுவிட்டே வெளியேறினார். போர்க்காலம் முழுவதிலும் பிரிட்டனின் போர்விமானப் பிரிவைச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா சிலுவை அவருடையது. அவர் பிழைத்தெழுந்து பர்மா முனையில் பணியாற்றி, 1945 மே மாதத்தில் வங்கக் கடலில் வீழ்ந்த ஒரு லிபரேட்டர் விமானத்தில் உயிரிழந்தார் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

கோணமலையான்:

வானோடி ஐயாவின் கேள்வி எங்கள் ஊரோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால், நடந்தவற்றை ஒழுங்காகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

1942 மார்ச் தொடக்கத்தில் இன்டோமிட்டபிள் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து 30-ஆம், 261-ஆம் ஸ்குவாட்ரன்களின் ஹரிக்கேன்கள் பறந்து வந்து இலங்கையில் இறங்கின. முன்னது கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையிலும், பின்னது திருகோணமலையில் சீனக்குடாவிலும் நிலைகொண்டன. மலாயாவிலும் சுமத்ராவிலும் சிதைந்துபோன 258-ஆம் ஸ்குவாட்ரன் மார்ச் இறுதியில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் பீட்டர் ஃபிளெச்சரின் தலைமையில் மீண்டும் அமைக்கப்பட்டது. அந்தத் திடல் ஓடுபாதையாக்கப்பட்டதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை.

ஏப்ரல் 4 மாலையில் கனடிய விமானப்படையின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த அதிகாரி லெனார்ட் பிர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே வெகுதொலைவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கட்டலினா என்ற வேவு விமானத்திலிருந்து கண்டு செய்தி அனுப்பத் தொடங்கினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார். ஆகவே மறுநாள் தாக்குதல் வரும் என்பது கொழும்புக்கு முன்னிரவிலேயே தெரியும். ஆனால் எந்த நிமிடத்தில், எத்திசையிலிருந்து வரும் என்பது தெரியவில்லை. சில நாள்களுக்கு முன்புதான் இயங்கத் தொடங்கியிருந்த கொழும்பின் ராடார் நிலையத்திலிருந்து உரிய எச்சரிக்கை வரவில்லை. ஈஸ்டர் ஞாயிறான ஏப்ரல் 5 காலையில், ஜப்பானிய விமானி ஃபுச்சிதாவின் தலைமையில் ஏறத்தாழ 125 விமானங்கள் வந்தபோது, இரத்மலானையில் இருந்த விமானிகள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே ஓடிப்போய் ஏறினார்கள். 258-ஆம் ஸ்குவாட்ரனின் 14 விமானங்களில் 9 வீழ்ந்தன. 30-ஆம் ஸ்குவாட்ரன் எட்டை இழந்தது.

இதுவரை வானோடி ஐயாவின் வாதத்துக்குச் சாதகம்: எச்சரிக்கை வராததே காரணம், விமானமன்று எனலாம். அடுத்ததைப் பாருங்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று எங்கள் ஊரைத் தாக்க நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. இம்முறை ராடார் அவற்றைத் தொலைவிலேயே கண்டுவிட்டது. 261-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் எச்சரிக்கை பெற்று, உரிய நேரத்தில் மேலேறிச் சென்றன. அப்படியிருந்தும் மேலேறிய பதினாறு அல்லது பதினேழில் எட்டு வீழ்ந்தன. துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்க் குதமும் தாக்கப்பட்டன. துறைமுகத்தை விட்டு முன்னிரவே வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல், தன்னிடம் ஒரு விமானங்கூட இல்லாத நிலையில், மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. எச்சரிக்கை இல்லாததுதான் காரணம் என்றால், சீனக்குடாவில் ஏன் பாதி விமானங்கள் போயின?

ஏட்டுப்புழு:

கோணமலையான் அவர்கள் சுட்டியது இவ்விவாதத்தின் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. அதற்கு வலுச்சேர்க்க மத்தியதரைக் கடல் தீவான மால்டாவை நினைவூட்டுகிறேன். 1940 ஆகஸ்டில் ஆர்கஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பன்னிரண்டு ஹரிக்கேன்கள் அங்கே அனுப்பப்பட்டன; இத்தாலிய விமானங்களை எதிர்த்து அவை சிறப்பாகவே சமாளித்தன. 1941 பிப்ரவரியில் யோவாக்கிம் மின்ஷெபெர்க் என்ற ஜெர்மானியரின் தலைமையில் மெசர்ஷ்மிட் 109 விமானங்களைக் கொண்ட ஒரு சிறு பிரிவு சிசிலிக்கு வந்தது. ஒரு சமயத்தில் பத்துப் பன்னிரண்டு விமானங்களுக்கு மேல் அதனிடம் இருந்ததில்லை. அந்தச் சிறு பிரிவு சில மாதங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட வெற்றிகளை உரிமை கோரியது. வான்சண்டையில் தன் தரப்பில் ஒரு விமானத்தையும் இழக்கவில்லை. மால்டாவில் ராடார் இருந்தது. போர்க்களம் கண்ட விமானிகளும் இருந்தார்கள். இல்லாதது மெசர்ஷ்மிட்டின் உயரத்துக்கு விரைந்து ஏறக்கூடிய விமானம் ஒன்றுதான்.

எனவே என் கருத்து வேறு. 1941 தொடக்கத்திலேயே ஹரிக்கேன் முதல்தரப் போர்விமானம் என்ற தகுதியை இழந்துவிட்டது. அது லண்டனுக்கும் தெரியும். தெரிந்தே ஸ்பிட்ஃபயர்களைத் தாயகத்தில் வைத்துக்கொண்டு, ஹரிக்கேன்களை வட ஆப்பிரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள். பர்மா முனைக்கு முதல் ஸ்பிட்ஃபயர்கள் வந்து சேர்ந்தது 1943-இன் பிற்பகுதியில்தான். இரத்மலானையில் இறந்த விமானிகளுக்கு அது ஒன்றரை ஆண்டுத் தாமதம். பட்டறையில் சீக்கிரம் சரிசெய்யலாம் என்பது பட்டறைக்கு நல்ல செய்திதான். வானத்தில் எதிரிக்குக் கீழே அகப்பட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

வானோடி:

ஏட்டுப்புழு அவர்களின் வாதத்தில் கனம் இருக்கிறது. மால்டாவைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஜீரோவோடு மோதிய களங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம்.

1942 ஜனவரி 13 அன்று சிங்கப்பூருக்கு 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் பிரித்துக் கட்டப்பட்ட நிலையில் கப்பலில் வந்தன. மேற்கு ஆசியாவுக்கெனத் தயாரிக்கப்பட்டவை என்பதால், பாலைவன மணலைத் தடுக்கும் பெரிய காற்று வடிகட்டி ஒன்று அவற்றின் மூக்கின் கீழ் பொருத்தப்பட்டிருந்தது. ஏற்கெனவே மந்தமாக ஏறும் விமானத்தின் வேகத்தை அது மேலும் தின்றது. எடையைக் குறைப்பதற்காகப் பன்னிரண்டு இயந்திரத் துப்பாக்கிகளில் நான்கைக் கழற்றிவிட்டே பறந்தார்கள். ஒரே வாரத்தில் பூட்டி முடித்து, ஜனவரி 20 அன்று முதல் சண்டைக்குப் போனார்கள். அன்று துணைவிமானங்கள் இல்லாமல் வந்த குண்டுவீச்சு விமானங்களை அவர்கள் எட்டு வரை வீழ்த்தியதாக உரிமை கோரினார்கள். மறுநாள் அவை ஜீரோக்களின் துணையோடு வந்தபோது ஹரிக்கேன் விமானிகள், இத்தாலியரை எதிர்த்துப் பழகிய வழக்கப்படி, தாழ்ந்த உயரத்தில் அவற்றோடு வட்டமிட்டுத் திரும்பிச் சண்டையிட முயன்றார்கள். குறைந்த வேகத்தில் ஜீரோவைவிட இறுக்கமாகத் திரும்ப ஹரிக்கேனால் முடியாது. மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, அதே வேகத்தில் கீழே விலகிவிட வேண்டும் என்ற பாடத்தைச் சீனாவிலும் பர்மாவிலும் அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் முன்பே கற்றிருந்தார்கள். அது சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை.

ஸ்பிட்ஃபயர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதற்கும் சான்று போதாது. 1943 மே 2 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு மேல் ஸ்பிட்ஃபயர்கள் ஜீரோக்களை எதிர்த்தன. அந்த ஸ்பிட்ஃபயர் அணியின் தலைவர் கிளைவ் கால்டுவெல் ஆஸ்திரேலியாவின் முதன்மையான வான்வீரர். ராடார் எச்சரிக்கையும் இருந்தது. அப்படியும் அன்று 14 ஸ்பிட்ஃபயர்கள் போயின. சண்டையில் வீழ்ந்தவை ஒரு பங்கு, இயந்திரக் கோளாறாலும் எரிபொருள் தீர்ந்ததாலும் போனவை மற்றொரு பங்கு. இதையும் சேர்த்துக்கொண்டால், சீனக்குடாவில் பதினாறு பதினேழு விமானங்கள் நாற்பது அளவிலான ஜீரோக்களையும் மேலும் பல குண்டுவீச்சு விமானங்களையும் எதிர்த்து எட்டை இழந்ததை விமானத்தின் குறைக்கு மட்டுமான சான்றாகக் கொள்ள முடியாது. 1942 ஏப்ரலில் நகுமோவின் ஐந்து கப்பல்களிலிருந்து பறந்தவர்கள் பேர்ள் துறைமுகத்திலும் டார்வினிலும் பழுத்துவந்தவர்கள். அன்றைய உலகில் அவர்களுக்கு இணையான கடற்படை விமானிகள் எங்கும் இல்லை.

தென்னவள்:

இழப்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், இந்த விமானத்தின் பணிவரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான பகுதி விடுபட்டுவிடும். இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில், ஹரிக்கேன் 2பி விமானங்களைக் கொண்டு, மெஹர் சிங்கின் தலைமையில் தொடங்கப்பட்டது. வானோடி கேட்டாரே, இடையில் என்ன மாறியது என்று. 1943-க்குப் பிறகு மாறியது ஹரிக்கேனுக்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் என்பேன்.

6-ஆம் ஸ்குவாட்ரன் 1943 இறுதியில் காக்ஸ் பஜாருக்குச் சென்று, பர்மாவின் மேற்குக் கரையோரமான அரக்கான் முனையில் வேவுப் பறப்பை மேற்கொண்டது. இரண்டிரண்டாகப் பறப்பார்கள்: ஒருவர் மரமுகட்டு உயரத்தில் பறந்து தரையைப் பார்ப்பார், படமெடுப்பார், மற்றவர் அவருக்கு மேலே வளைந்து வளைந்து பறந்து, எதிரி விமானம் பின்னால் வருகிறதா என்று காவல் காப்பார். காட்டுப் பாதையில் ஒரு மாட்டுவண்டித் தடம் புதிதாகத் தெரிகிறதா, ஆற்றங்கரையில் மூங்கில் தெப்பம் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவர வேண்டிய வேலை அது. பிரிட்டிஷ் 14-ஆம் படையின் கண்கள் என்று இந்த ஸ்குவாட்ரனை அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படைக்குக் கிடைத்த ஒரே டி.எஸ்.ஓ. என்ற உயர் படைத்துறை விருது மெஹர் சிங்குடையது. ஜப்பானியர் முற்றுகையிட்ட இம்பாலில் அர்ஜன் சிங்கின் தலைமையில் 1-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களோடு முற்றுகைக் காலத்தைக் கடந்தது. 1944-இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் அங்கேயே வந்து அர்ஜன் சிங்கின் மார்பில் விமானிகளுக்கான வீரப் பதக்கமான டி.எஃப்.சி.யைக் குத்தினார்.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் ஒன்பது விமானங்களை இழந்த அதே 258-ஆம் ஸ்குவாட்ரன் 1941-இல் இங்கிலாந்தில் இருந்தபோது, அதில் ஹரிக்கேன் ஓட்டியவர்களில் மொஹிந்தர் சிங் புஜ்ஜியும் ஒருவர். தலைப்பாகையோடே பறப்பேன் என்று அனுமதி பெற்றுப் பறந்தவர். பிறகு பர்மா முனையிலும் பணியாற்றி விருது பெற்றார். இங்கிலாந்தில் கிரேவ்செண்ட் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

வேவுக்கும் தரைத்தாக்குதலுக்கும் வேகம் முதன்மையன்று. சேற்றுத் திடலில் இறங்க வேண்டும், தரையிலிருந்து சுடப்பட்டாலும் திரும்பி வர வேண்டும், அன்றிரவே சரிசெய்யப்பட வேண்டும். ஏட்டுப்புழு அவர்கள் பட்டறைக்குத்தான் நல்ல செய்தி என்றார். இம்பாலைப் பொறுத்தவரை பட்டறைக்கு நல்ல செய்தி என்றால் முற்றுகையில் சிக்கிய காலாட்படைக்கும் அது நல்ல செய்திதான்.

பட்டறைக்காரன்:

தென்னவள் அவர்கள் சொன்னதோடு ஆயுத மாற்றங்களையும் சேர்க்கலாம். எட்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு தொடங்கிய விமானம் 2பி-யில் பன்னிரண்டையும், 2சி-யில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகளையும் தாங்கியது. 2டி வகையில் இறக்கைகளின் கீழே இரண்டு 40 மி.மீ. விக்கர்ஸ் பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்தே குண்டுகள். 1942-இல் லிபியப் பாலைவனத்தில் 6-ஆம் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் அவற்றைக் கொண்டு ஜெர்மானியத் தளபதி ரோமலின் டாங்கிகளை வேட்டையாடியது. அந்த எடையைச் சுமந்தபோது விமானம் மிகவும் மெதுவாகிவிட்டது. மேலே காவலுக்கு வேறு விமானங்கள் இல்லாமல் அதை அனுப்புவது கொலைக்குச் சமம். பர்மாவில் 20-ஆம் ஸ்குவாட்ரன் 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் ஒரே நாளில் ஒரு டஜன் ஜப்பானிய டாங்கிகளை அழித்தபோது, வானில் ஜப்பானியப் போர்விமானங்கள் பெரும்பாலும் இல்லாமற்போயிருந்தன.

மெல்லிய தகட்டு இறக்கையை இவ்வளவு தூரம் மாற்றியிருக்க முடியாது. கேம் ஆரம்பத்திலேயே தடித்த இறக்கையைத் தேர்ந்தெடுத்தது வேகத்துக்குக் கேடாயிற்று. பீரங்கிக்கும் குண்டுக்கும் இடமாயிற்று.

ஏட்டுப்புழு:

வேலை மாறியபின் அது நன்றாக உழைத்தது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அதற்கு ஸ்பிட்ஃபயர்களும் பின்னர் அமெரிக்கத் தயாரிப்பான தண்டர்போல்ட் போர்விமானங்களும் வந்து வானத்தைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. வான்பாதுகாப்புக்கு இந்த விமானத்தை 1942-இல் அனுப்பியவர்களின் பொறுப்பை, அது 1944-இல் செய்த நல்ல வேலையால் கழிக்க முடியாது. சோவியத் ஒன்றியத்துக்கு மட்டும் ஏறத்தாழ 3000 ஹரிக்கேன்கள் அனுப்பப்பட்டன. கடைசி ஹரிக்கேன் 1944 ஜூலையில் ஆலையை விட்டு வெளியேறும் முன் மொத்தம் 14,500 அளவில் தயாராகியிருந்தன. இவ்வளவு தயாரிக்க முடிந்தது என்பதே அதை எங்கும் அனுப்பிவைக்கும் சோம்பலுக்குக் காரணமாயிற்று என்று நினைக்கிறேன்.

வானோடி:

அனுப்பியவர்களின் பொறுப்பு என்ற இடத்தில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். நான் மறுப்பது, அந்தப் பொறுப்பை விமானத்தின் மீது இறக்கிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவதை மட்டுமே. இரத்மலானையில் விமானிகள் தரையில் இருந்தபோது எதிரி மேலே இருந்தான். அந்த நிலையில் எந்த விமானமும் வீழ்ந்திருக்கும். சீனக்குடாவில் எண்ணிக்கையும் அனுபவமும் எதிரியின் பக்கம் இருந்தன. அங்கே விமானத்தின் ஏறுவேகக் குறைவும் ஒரு காரணம் என்பதைக் கோணமலையான் அவர்களுக்காக ஒப்புக்கொள்கிறேன், ஒரே காரணம் என்றால் ஒப்பமாட்டேன்.

கோணமலையான்:

அந்த அளவில் எனக்கும் உடன்பாடே. ஒரு தகவல் கேட்கிறேன்: இந்திய விமானப்படை பயன்படுத்திய ஹரிக்கேன்கள் போருக்குப் பின் என்னவாயின? ஒன்றாவது பார்வைக்கு எஞ்சியிருக்கிறதா?

தென்னவள்:

1945-46 காலத்துக்குள் இந்திய ஸ்குவாட்ரன்கள் ஸ்பிட்ஃபயருக்கு மாறிவிட்டன. ஹரிக்கேன்களில் பெரும்பாலானவை கழிவு உலோகமாக விற்கப்பட்டன. தில்லி பாலம் பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. கடைசியாகத் தயாரிக்கப்பட்ட பி.இசட்.865 எண்ணுள்ள விமானம் பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பறப்புப் பிரிவில் பாதுகாக்கப்படுகிறது.